கூட்டலா? கழித்தலா?



தங்கள் பிள்ளையின் கணக்குத் தேர்வுத்தாள் வீட்டிற்கு வரும்போது மதிப்பெண்ணை மட்டும் பார்த்துவிட்டுக் கையெழுத்திட்டு அனுப்பிவிடாதீர்கள். சற்று அமர்ந்து, எந்தக் கணக்குகள் சரியாக இருக்கின்றன, எவற்றின் குறுக்கே சிவப்புக் கோடு விழுந்திருக்கிறது என்பதைக் கவனியுங்கள். பெரும்பாலான இல்லங்களில் ஒரே விதமான காட்சியே தென்படும். 348உடன் 275ஐக் கூட்டச் சொன்னால் பிள்ளை பிழையின்றி 623 என்று எழுதியிருக்கும். அதே கூட்டல், "கடைக்காரர் ஒருவர் திங்களன்று 348 முட்டைகளும், செவ்வாயன்று 275 முட்டைகளும் விற்றார்" என்று வாக்கியமாக வந்திருந்தால், அங்கே தடுமாறி நின்றிருக்கும்.

இதைக் கண்டவுடன் நம்மில் பலர் ஒரு தீர்ப்பை வழங்கிவிடுகிறோம். "இவனுக்குக் கணக்கு வராது" என்பதே அத்தீர்ப்பு. எட்டு அல்லது ஒன்பது வயதில் வழங்கப்படும் இத்தீர்ப்பு பிள்ளையின் செவியில் விழுந்து, உள்ளத்தில் தங்கி, அவன் பத்தாம் வகுப்பை எட்டும்போது உண்மையாகவே ஆகிவிடுகிறது. ஆனால் நியாயமாகச் சிந்தித்துப் பாருங்கள். 348உடன் 275ஐக் கூட்டத் தெரிந்த பிள்ளைக்குக் கணக்கு வராது என்று எப்படிச் சொல்ல முடியும்? அவனுக்குக் கணக்கு வந்திருக்கிறது. கணக்கை வாசிக்கத்தான் வரவில்லை. நோய் ஓரிடத்தில் இருக்க, மருந்தை வேறோர் இடத்தில் தடவிக்கொண்டிருக்கிறோம்!

வாசிக்காமல் விடை தேடும் பழக்கம்

மஃரிபுக்குப் பின் ஓதுவதற்காக மதரஸாவிற்கு வரும் சிறுவர் சிறுமியரில் பலர் பள்ளிக்கூடப் பையையும் தோளில் சுமந்தே வருகின்றனர். ஓதல் முடிந்த பின் கிடைக்கும் சிறிது நேரத்தில் வீட்டுப்பாடத்தையும் என் முன் வைப்பார்கள். அவர்களிடமிருந்து நான் ஆண்டுக்கணக்கில் கேட்டு வரும் கேள்வி ஒன்றுதான்: "உஸ்தாத், இது கூட்டலா, கழித்தலா?"

இக்கேள்வியை உற்றுக் கவனியுங்கள். "இந்தக் கணக்கில் என்ன நடக்கிறது?" என்று அப்பிள்ளை கேட்கவில்லை. இரண்டு எண்களைப் பார்த்துவிட்டது. அவற்றை என்ன செய்தால் ஆசிரியர் சரி என்பார் என்பதை மட்டுமே அறிய விரும்புகிறது. கணக்கில் சொல்லப்பட்ட மனிதர்களையோ, பொருள்களையோ அது சந்திக்கவே இல்லை.

இது நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு மட்டும் உரிய குறையன்று. பிரான்சு நாட்டின் கிரனோபிள் நகரில் 1979ஆம் ஆண்டு ஆய்வாளர்கள் சிலர் தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளிடம் விசித்திரமான ஒரு கணக்கைக் கொடுத்தனர். ஒரு கப்பலில் 26 செம்மறியாடுகளும் 10 வெள்ளாடுகளும் இருக்கின்றன. கப்பல் தலைவரின் வயது என்ன என்பதே அக்கணக்கு. விடையே இல்லாத கேள்வி! ஆயினும் 97 பிள்ளைகளில் 76 பேர் கொடுக்கப்பட்ட எண்களை வைத்து ஒரு வயதைக் கணக்கிட்டு எழுதிவிட்டனர். ஆட்டிற்கும் வயதிற்கும் என்ன தொடர்பு என்று நின்று வினவியவர் சிலரே.

பெரிய பிள்ளைகளும் இதற்கு விலக்கல்லர். 1980களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் 13 வயது மாணவர்களுக்கு நடைபெற்ற தேசியத் தேர்வில் ஒரு கணக்கு கேட்கப்பட்டது. ஒரு பேருந்தில் 36 படைவீரர்கள் செல்லலாம். 1,128 வீரர்களை ஏற்றிச் செல்ல எத்தனை பேருந்துகள் தேவை? 1,128ஐ 36ஆல் வகுத்தால் ஈவு 31, மீதி 12. அந்த 12 பேரையும் சாலையில் விட்டுவிட்டுப் போக முடியாதல்லவா? எனவே 32 பேருந்துகள் வேண்டும். மாணவர்களில் நூற்றுக்கு 70 பேர் அளவில் வகுத்தலைச் சரியாகவே செய்திருந்தனர். ஆனால் 32 என்று எழுதியவர்கள் நூற்றுக்கு 23 பேர் மட்டுமே! பலர், "31, மீதி 12" என்றே பேருந்துகளின் எண்ணிக்கையை எழுதி வைத்தனர். கை கணக்கைச் செய்துவிட்டது; உள்ளம் கதைக்குத் திரும்பி வரவில்லை.

சொற்கள் செய்யும் சூழ்ச்சி

பிள்ளைகளுக்கு உதவுவதாக எண்ணி நம்மில் சிலர் ஒரு குறுக்கு வழியைக் கற்றுக்கொடுக்கிறோம். "மொத்தம், அதிகம் என்று வந்தால் கூட்டு, மீதி, குறைவு என்று வந்தால் கழி" என்பதே அது. தொடக்கத்தில் இவ்வழி பலன் தருவதுபோல் தோன்றும். பின்னர் அதுவே குழியில் தள்ளிவிடும்.

எடுத்துக்காட்டாக, இக்கணக்கைப் பாருங்கள். "பாத்திமாவிடம் 15 பேரீச்சம்பழங்கள் உள்ளன. அது ஆயிஷாவிடம் இருப்பதைவிட 6 அதிகம். ஆயிஷாவிடம் எத்தனை பழங்கள் உள்ளன?"

மூன்றாம் வகுப்பு மாணவன் ஒருவன் இக்கணக்கிற்கு 21 என்று எழுதி என்னிடம் காட்டினான். "அதிகம்" என்ற சொல்லைக் கண்டதும் கூட்டிவிட்டான். நான் சரியென்றும் சொல்லவில்லை, தவறென்றும் சொல்லவில்லை. அருகிலிருந்த இரு சிறுமியரை எழுந்து நிற்கச் சொன்னேன். "இவள் பாத்திமா, அவள் ஆயிஷா. யாரிடம் பழம் அதிகம்?" என்று கேட்டேன்.

புத்தகத்தை மீண்டும் ஒரு முறை வாசித்துவிட்டு, "பாத்திமாவிடம்" என்றான்.

"அப்படியானால் ஆயிஷாவிடம் இருப்பது 15ஐவிடக் கூடுதலாக இருக்குமா, குறைவாக இருக்குமா?"

அவன் பதில் சொல்லவில்லை. 21ஐ அழித்துவிட்டு 9 என்று எழுதினான். கழிக்கும்படி அவனுக்கு யாரும் சொல்லவில்லை. கதை புரிந்தவுடன் கணக்கு தானாக வழிவிட்டது.

இன்னும் சில சொற்கள் பாடப்புத்தகத்தில் மட்டுமே வாழ்கின்றன. "தலா", "வீதம்" ஆகிய சொற்களை வீட்டில் நாம் பேசுகிறோமா? "ஆளுக்கு", "ஒண்ணுக்கு" என்றுதானே சொல்கிறோம்? "5 சிறுவர்களுக்குத் தலா 4 மிட்டாய்கள் வழங்கப்பட்டன" என்ற வாக்கியத்தில் "தலா" என்பது விளங்காத பிள்ளைக்கு எஞ்சுவது 5, 4 என்னும் இரண்டு எண்களே. அவன் 9 என்று எழுதினால் அது கணக்குப் பிழையன்று, சொற்பிழை.

ஆங்கிலவழியில் பயிலும் பிள்ளைகளின் நிலை இன்னும் கடினமானது. கணக்கின் இறுதியில் "லெஃப்ட்" என்ற சொல் வந்தால், இடக்கையைக் குறிக்க மட்டுமே அதை அறிந்திருக்கும் பிள்ளை என்ன செய்யும்? எஞ்சியிருப்பதையும் அச்சொல் குறிக்கும் என்று யாராவது சொன்னால்தானே தெரியும்! "ஈச்" என்றால் ஒவ்வொன்றும், "ஆல்டுகெதர்" என்றால் எல்லாம் சேர்த்து என்பன போன்ற பத்துப் பதினைந்து சொற்களை நம் வீட்டுத் தமிழில் விளக்கிவிட்டால், பாதிக் கணக்குகள் எளிதாகிவிடும்.

2022ஆம் ஆண்டு தமிழக அரசு தொடக்க வகுப்புகளுக்காகத் தொடங்கிய திட்டத்திற்கு "எண்ணும் எழுத்தும்" என்று பெயர் சூட்டப்பட்டது. எண் வேறு, எழுத்து வேறு என்று பிரித்துவைக்க முடியாது என்பதை அப்பெயரே நமக்கு உணர்த்துகிறதல்லவா?

எப்படி உதவலாம்?

இனி வழிமுறைக்கு வருவோம். புனித ரமளானில் நம் பள்ளிவாசல்களில் நோன்புக் கஞ்சி காய்ச்சுவதைப் பிள்ளைகள் அனைவரும் பார்த்திருப்பார்கள். அதையே கணக்காக்குவோம். "பள்ளிவாசலில் 4 அண்டாக்களில் கஞ்சி காய்ச்சினர். ஓர் அண்டாவிற்கு 60 கிண்ணம் வீதம் கஞ்சி கிடைத்தது. 85 கிண்ணங்களை வீடுகளுக்குக் கொடுத்தனுப்பினர். பள்ளிவாசலில் நோன்பு திறப்பவர்களுக்கு எத்தனை கிண்ணங்கள் மீதி இருக்கும்?"

முதலாவதாக, பென்சிலைக் கீழே வைக்கச் சொல்லுங்கள். கையில் பென்சில் இருக்கும்வரை பிள்ளையின் கண் எண்களை மட்டுமே தேடும். கணக்கை வாய்விட்டு, நிதானமாக, இரண்டு முறை வாசிக்கட்டும். திருமறையின் ஒரு வசனத்தை ஓதும்போது எங்கே நிறுத்த வேண்டும், எங்கே சேர்த்து ஓத வேண்டும் என்று கவனிக்கும் பிள்ளைக்கு, கணக்கையும் நிறுத்தி வாசிக்கக் கற்றுக்கொடுப்பது கடினமன்று.

இரண்டாவதாக, எண்களை விரலால் மறைத்துவிட்டு வாசிக்கச் சொல்லுங்கள். "சில அண்டாக்களில் கஞ்சி காய்ச்சினர். ஒவ்வொன்றிலும் சில கிண்ணங்கள் கிடைத்தன. கொஞ்சம் வீடுகளுக்குப் போயிற்று. மீதி எவ்வளவு?" என்று அது ஒலிக்கும். பிடித்துக்கொள்ள எண் எதுவும் இல்லாதபோது பிள்ளைக்குக் கதையைப் பிடித்துக்கொள்வதைத் தவிர வேறு வழி இல்லை.

மூன்றாவதாக, புத்தகத்தை மூடிவிட்டு, நடந்ததைத் தன் சொந்தச் சொற்களில் கூறச் சொல்லுங்கள். இலக்கணத் தமிழ் வேண்டாம். உம்மாவிடமும் ராத்தாவிடமும் பேசும் தமிழே போதும். கதையைச் சொல்ல முடியாத பிள்ளை கணக்கையும் செய்ய முடியாது. சொல்ல முடிந்துவிட்டால் முக்கால் பங்கு வேலை முடிந்தது.

நான்காவதாக, "உன்னிடம் கேட்பது என்ன?" என்று கேளுங்கள். விடையை எண் இல்லாமல் ஒரு வாக்கியமாக முதலிலேயே எழுதி வைக்கட்டும். "பள்ளிவாசலில் இத்தனை கிண்ணங்கள் மீதி இருக்கும்" என்று எழுதி, எண் வர வேண்டிய இடத்தை வெறுமையாக விடட்டும். எங்கே போய்ச் சேர வேண்டும் என்று தெரிந்துகொண்டு புறப்படுபவன் வழிதவற மாட்டான்.

ஐந்தாவதாக, படம் வரையட்டும். நான்கு வட்டங்கள் போட்டு ஒவ்வொன்றிலும் 60 என்று எழுதினால், அது பெருக்கல் என்று பிள்ளைக்கே தெரிந்துவிடும். சிறு எண்களாக இருந்தால் புளியங்கொட்டைகளை எடுத்துவைத்துச் செய்யலாம். பாத்திமா, ஆயிஷா கணக்கு போன்றவற்றிற்கு நீண்ட பட்டை ஒன்றும் அதன் கீழே குறுகிய பட்டை ஒன்றும் வரைந்தால் போதும். நம்மவர் பலருடைய உறவினர் வாழும் சிங்கப்பூரில் 1980களில் தொடக்கப்பள்ளிகளில் புகுத்தப்பட்ட முறை இதுதான்.

ஆறாவதாக, கணக்கிடும் முன் விடையை ஊகிக்கச் சொல்லுங்கள். "200ஐவிடக் கூடுமா, குறையுமா?" என்று கேளுங்கள். அதன் பின்னரே பென்சிலைக் கையில் கொடுங்கள். 60ஐ 4ஆல் பெருக்கினால் 240. அதிலிருந்து 85ஐக் கழித்தால் 155.

இறுதியாக, கிடைத்த விடையைக் கதைக்குள் திரும்ப வைத்துப் பார்க்கட்டும். மீதி 155, கொடுத்தனுப்பியது 85, இரண்டும் சேர்ந்தால் 240. சரியாக இருக்கிறது! இந்தக் கடைசிப் படியைச் செய்திருந்தால் அமெரிக்க மாணவர்கள் 12 வீரர்களைச் சாலையில் விட்டிருக்க மாட்டார்கள்.

ஹங்கேரியில் பிறந்த கணித அறிஞர் ஜார்ஜ் போல்யா 1945இல் வெளியிட்ட நூலில் கணக்குத் தீர்க்கும் வழியை நான்கு படிகளாக வகுத்தார். புரிந்துகொள்ளுதல், வழியைத் திட்டமிடுதல், செய்துமுடித்தல், திரும்பிப் பார்த்தல் ஆகியனவே அவை. நம் பிள்ளைகளோ மூன்றாவது படியில் மட்டுமே நின்றுகொண்டிருக்கின்றனர். முதற்படியிலும் கடைசிப் படியிலும் அவர்களை ஏற்றிவிட வேண்டியது வீட்டிலுள்ள நம் பொறுப்பு.

திருமறையிலும் வாழ்விலும் கணக்கு

அருள்மறையை ஓதும் பிள்ளைகளுக்குக் கணக்குக் கதைகள் புதியவை அல்ல. நூஹ் (அலை) அவர்கள் தம் சமூகத்தாரிடையே வாழ்ந்த காலம், அன்கபூத் அத்தியாயத்தின் 14ஆம் வசனத்தில் ஆயிரம் ஆண்டுகளில் ஐம்பது குறைவாகக் கூறப்பட்டுள்ளது. அது எத்தனை ஆண்டு என்று பிள்ளையிடம் கேளுங்கள். மூஸா (அலை) அவர்களுக்கு வாக்களிக்கப்பட்ட முப்பது இரவுகள் மேலும் பத்தால் நிறைவு செய்யப்பட்டதை அஃராஃப் அத்தியாயம் சொல்கிறது. அங்கே கூட்டல் இருக்கிறது.

கஹ்ஃபு அத்தியாயத்தின் 25ஆம் வசனத்தில் குகைவாசிகள் தங்கிய காலம் முந்நூறு ஆண்டுகளாகவும், அதற்கு மேல் ஒன்பதாகவும் கூறப்படுகிறது. சூரிய ஆண்டில் முந்நூறாக இருப்பது சந்திர ஆண்டில் 309 ஆகும் என்று விரிவுரையாளர்கள் விளக்கியுள்ளனர். ஐந்தாம் வகுப்புப் பிள்ளை இதைத் தானே செய்து பார்க்கலாம். சந்திர ஆண்டிற்கு 354 நாட்கள். சூரிய ஆண்டைவிட ஏறத்தாழ 11 நாட்கள் குறைவு. 300 ஆண்டுகளில் அந்த வேறுபாடு 3,300 நாட்கள். அதை 354ஆல் வகுத்தால் ஈவு 9 வரும்! இதைச் செய்து பார்த்த பிள்ளையின் முகத்தில் தோன்றும் வியப்பைக் காணக் கண் கோடி வேண்டும்.

வீட்டிலும் கணக்குகளுக்குப் பஞ்சமில்லை. ஈதுல் ஃபித்ருக்கு முன் ஃபித்ரா அரிசி அளக்கும்போது, "தலைக்கு இரண்டரை கிலோ என்றால் நம் வீட்டில் 6 பேருக்கு எவ்வளவு?" என்று கேளுங்கள். ஜகாத்தைப் பற்றிப் பேசும்போது, நாற்பதில் ஒன்று என்றால் 40,000 ரூபாய்க்கு எவ்வளவு என்று கேளுங்கள். சவூதியில் இருக்கும் வாப்பா அங்கே இரவு 8 மணிக்கு அழைத்தால் இங்கே மணி பத்தரை. "அங்கே மாலை 6 மணியாக இருக்கும்போது நம் ஊரில் என்ன மணி?" என்று கேளுங்கள்.

வெளிநாட்டில் இருக்கும் தந்தையர்க்கும் ஒரு வேண்டுகோள். தொலைபேசியில் "எத்தனை மார்க்?" என்ற ஒரே கேள்வியோடு நிறுத்திவிடாதீர்கள். "இன்று படித்த ஒரு கணக்கைக் கதையாகச் சொல், வாப்பா கேட்கிறேன்" என்று சொல்லுங்கள். பிள்ளை சொல்லச் சொல்ல அதன் அறிவு தெளிவதை உணர்வீர்கள்.

சில வேளைகளில் முறையை மாற்றியும் பாருங்கள். 5ஐ 4ஆல் பெருக்கினால் 20 என்று எழுதிக் கொடுத்து, அதற்கு ஒரு கதை கட்டச் சொல்லுங்கள். கதை கட்டத் தெரிந்த பிள்ளையைக் கதை ஏமாற்ற முடியாது.

மதிப்பெண்ணுக்காக மட்டுமா?

இவ்வளவு பாடும் ஐந்து மதிப்பெண்ணுக்காகவா என்று கேட்கலாம். அன்று, சகோதரர்களே! வாழ்க்கை நம் முன் வைக்கும் கணக்குகள் எல்லாமே வாக்கியக் கணக்குகள்தாம். கூட்டல் குறியையும் கழித்தல் குறியையும் போட்டு யாரும் நம்மிடம் நீட்டுவதில்லை.

"நூற்றுக்கு மாதம் இரண்டு ரூபாய்தான்" என்று ஒருவர் இனிக்கப் பேசுகிறார். கேட்பதற்குச் சிறிய தொகை. வட்டி நமக்கு விலக்கப்பட்டது என்பது முதற்செய்தி. அதோடு, 10,000 ரூபாய்க்கு ஆண்டொன்றுக்கு 2,400 ரூபாய் பறிபோகிறது என்பதையும் அந்த வாக்கியத்திலிருந்து பிரித்தறியத் தெரிய வேண்டாமா? 18,000 ரூபாய்ப் பொருளை 3,000 முன்பணத்திற்கும், 1,500 வீதம் 12 தவணைகளுக்கும் தருவதாகச் சொன்னால், மொத்தம் 21,000 ஆகிறது என்பதை வாசித்து உணரத் தெரிய வேண்டாமா?

எல்லாவற்றையும்விடப் பெரியது வாரிசுரிமை. நிஸா அத்தியாயத்தின் 11, 12ஆம் வசனங்களில் வல்ல அல்லாஹ்வே பங்குகளை வகுத்துள்ளான். ஒருவர் 17 லட்சம் ரூபாயை விட்டுச் சென்றார் என்று வைத்துக்கொள்வோம். அடக்கச் செலவும் கடனும் சேர்ந்து 1 லட்சம். மரண சாசனம் ஏதுமில்லை. அவருடைய பெற்றோர் முன்பே காலமாகிவிட்டனர். மனைவியும், ஒரு மகனும், இரண்டு மகள்களும் உள்ளனர். முதலில் செலவும் கடனும் போக எஞ்சுவது 16 லட்சம். மனைவிக்கு எட்டில் ஒன்று, அதாவது 2 லட்சம். மீதி 14 லட்சத்தில் மகனுக்கு இரண்டு பங்கு, மகளுக்கு ஒரு பங்கு என மொத்தம் நான்கு பங்குகள். ஒரு பங்கு மூன்றரை லட்சம். ஆகவே மகனுக்கு 7 லட்சமும், மகள்கள் ஒவ்வொருவருக்கும் மூன்றரை லட்சமும் சேரும்.

நான்காம் வகுப்புக் கணக்கைவிட இதில் கடினமானது என்ன இருக்கிறது? கழித்தல், வகுத்தல், பெருக்கல் மட்டும்தானே! ஆயினும் படிகளை வரிசை மாற்றாமல் வாசிக்கத் தெரிய வேண்டும். கடனைக் கழிக்கும் முன் பங்கிட்டால் எல்லோருடைய பங்கும் பிழையாகிவிடும். "உனக்கு இவ்வளவுதான் வரும், கையெழுத்துப் போடு" என்று யாராவது காகிதத்தை நீட்டும்போது, தன் பங்கு எவ்வளவு என்று தானே கணக்கிடத் தெரியாத பெண் என்ன செய்வாள்? அல்லாஹ் கொடுத்த உரிமை கணக்குத் தெரியாமையால் கை நழுவிப் போகலாமா? பெண்பிள்ளைக்குக் கணக்கு எதற்கு என்று கேட்பவர்கள் இதற்கு விடை சொல்லட்டும்.

நம் முன்னோர் இதை நன்கு உணர்ந்திருந்தனர். கலீஃபா மஅமூன் காலத்தில், கி.பி. 820ஐ ஒட்டிய ஆண்டுகளில், பக்தாதில் வாழ்ந்த அறிஞர் முஹம்மது இப்னு மூஸா அல்குவாரிஸ்மி எழுதிய நூலின் பெயரில் உள்ள "அல்ஜப்ர்" என்ற சொல்லே இன்று உலகெங்கும் அல்ஜிப்ரா என்று வழங்குகிறது. அந்நூலில் இன்றைய குறியீடுகள் எவையும் கிடையா. எல்லாக் கணக்குகளும் சொற்களாலேயே எழுதப்பட்டவை. அதன் பெரும்பகுதி வாரிசுரிமைக் கணக்குகளும் மரண சாசனக் கணக்குகளுமே. தமிழகத்திலும் காரி நாயனார் தம் கணக்கதிகாரத்தைச் செய்யுளாகவே யாத்தார். சொல்லும் எண்ணும் ஒரே தாயின் பிள்ளைகளாக இருந்த காலம் அது. நாம்தான் அவற்றைப் பிரித்துவைத்தோம்.

படிக்காத தாயும் ஆசிரியையே

"எனக்கே கணக்குத் தெரியாதே உஸ்தாத், நான் எப்படிச் சொல்லிக் கொடுப்பேன்?" என்று ஒரு தாயார் என்னிடம் கேட்டார். ஐந்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர். கணவர் வெளிநாட்டில் இருக்கிறார். மகள் நான்காம் வகுப்பு. தனிப்பயிற்சிக்கு அனுப்ப வசதியில்லை.

அவரிடம் மூன்று கேள்விகளை மட்டும் சொல்லி அனுப்பினேன். "என்ன நடந்தது? என்ன கேட்கிறார்கள்? உன் விடை கதைக்குப் பொருந்துகிறதா?" என்பனவே அவை. இவற்றைக் கேட்பதற்குக் கணக்குத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. உண்மையில், கணக்குத் தெரியாத தாய் விடையைச் சொல்லிவிட மாட்டார் என்பதால் பிள்ளை தானே சிந்தித்தாக வேண்டும். இஷாவிற்குப் பின் தாயார் அரிசியில் கல் பொறுக்கும்போது மகள் அருகில் அமர்ந்து நாளுக்கு ஒரு கணக்கை வாசித்துக் கதையாகச் சொன்னாள். ஒன்றே ஒன்றுதான், பத்து அன்று.

சில மாதங்கள் கழித்து அச்சிறுமி ஒரு கணக்கோடு என்னிடம் வந்தாள். "கூட்டலா, கழித்தலா?" என்று கேட்கவில்லை. "உஸ்தாத், இவர்கள் கேட்பது செலவான பணத்தையா, மீதிப் பணத்தையா? இந்த வரி எனக்கு விளங்கவில்லை" என்றாள். கேள்வி மாறிவிட்டது! பிள்ளை கணக்கிற்குள் நுழைந்துவிட்டாள் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

ஆகவே அன்புப் பெற்றோர்களே! பிள்ளை தடுமாறும்போது "மக்கு" என்று ஏசாதீர்கள். அண்ணனோடும் பக்கத்து வீட்டுப் பிள்ளையோடும் ஒப்பிடாதீர்கள். பொறுமையிழந்து பென்சிலைப் பிடுங்கி நீங்களே விடையை எழுதிவிடாதீர்கள். நம் பெருமானார் (ஸல்) அவர்களுக்கு இறங்கிய முதல் வஹீயே ஓதுதலைப் பற்றியது என்பதை நாம் அறிவோம். அந்த உம்மத்தின் பிள்ளை ஒரு கணக்கை வாசிக்காமலே விடை தேடலாமா?

இன்றிரவே ஒரு கணக்கை எடுங்கள். பென்சிலைக் கீழே வைக்கச் சொல்லி, "என்ன நடந்தது, சொல்" என்று கேட்டுவிட்டுப் பொறுமையோடு காத்திருங்கள். நம் கண்மணிகள் ஒவ்வொருவருக்கும் பயனுள்ள கல்வியையும், அதை விளங்கிக்கொள்ளும் தெளிவையும் வல்ல அல்லாஹ் வழங்கியருள்வானாக! ஆமீன்.